தினேஸ்வரியின் தேர்வும் எனக்கு வந்த மலர்வளையமும்

குனோங் ராபாட், ஈப்போ.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மைத்துனர் தர்மா அவர்களுக்கு, உங்கள் தங்கை நல்லம்மாளின் கணவன் சீனி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஹுத்தான் மெலிந்தாங்கில் நீங்களும், அக்காவும், மகன் சுரேனும், போன மாதம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்கள் வலது முட்டியும் சௌக்கியமாக இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம். இந்த வரியைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள். எல்லோரும் என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

நீங்கள் அனுப்பிய மலர்வளையம் நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. வெள்ளைச் செவ்வந்தி, நடுவில் ஊதா ஆர்க்கிட், சுற்றிலும் பச்சை இலை. ஒரு வண்டிச் சக்கரம் அளவு இருக்கிறது. என் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம் இதில் கால்வாசி கூட இருக்காது. ‘அன்பு மச்சான் சீனிக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று ரிப்பனில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறவன் தனக்கு வந்த மலர்வளையத்துக்கு எப்படி நன்றி சொல்லி எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக இருந்து எத்தனையோ வகைக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த வகைக்கு மட்டும் என் கோப்பில் மாதிரி இல்லை.

நான் சாகவில்லை என்ற செய்தியை உங்கள் தங்கை நேற்றே தொலைபேசியில் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொன்ன விதத்தில் பழி முழுக்க என் தலையில்தான் விழுந்திருக்கும். என் தரப்பை நானே போனில் சொல்லலாம் என்றால், என் கைப்பேசியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு அதன் மேல் பத்துக் கிலோ மாவு மூட்டையை வைத்திருக்கிறாள். ஒரு வாரத்துக்குத் தொடக்கூடாதாம். அதனால்தான் இந்தக் கடிதம். இதில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன், கடைசியில் கேட்கிறேன். அதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள், என் மகள் தினேஸ்வரி டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருடமாகத் தாதியாக இருப்பது உங்களுக்குத் தெரியும். அவள் வேலை செய்யும் மருத்துவமனையில் புதிதாக ஒரு டயாலிசிஸ் மையம் திறக்கிறார்கள். அதற்குத் தலைமைத் தாதி வேண்டும். அந்தப் பதவிக்கு அனைத்துலகச் சான்றிதழ் ஒன்று இருக்க வேண்டும், அதற்கு ஒரு தேர்வு, கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம், நூற்றைம்பது கேள்வி. போன வருடம் கோலாலம்பூரில் போய் எழுதினாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது. இந்தத் தடவையும் தவறினால் மறுபடி எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அந்தப் பதவி வேறு யாருக்காவது போய்விடும். நோயாளிகள் இவள் பெயரைச் சொல்லித்தான் ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுகிறார்களாம். அப்படிப்பட்ட பிள்ளை மூன்று மதிப்பெண்ணில் தவறினால் அது படிப்பின் குற்றமா? நான் யோசித்தேன். இல்லை, அது மண்டபத்தின் குற்றம். அன்று அந்த மண்டபத்தில் ஏர்கோன் பதினாறில் ஓடியது. உள்ளே போய்விட்டு வந்த எல்லாப் பிள்ளைகளும் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் விசைப்பலகையை அடித்த அடி, சம்மட்டி அடி மாதிரி இருந்ததாம். இதை அவளே சொன்னாள்.

தேர்வு மண்டபம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளித் தேர்வுகளுக்கு மேசை போட்டவன் நான். மேசைக்கும் மேசைக்கும் எத்தனை அடி, எந்தக் காற்றாடி கிறீச்சிடும், எந்த ஜன்னலில் பத்து மணிக்கு வெயில் அடிக்கும், எல்லாம் அத்துப்படி. தேர்வில் பாதி படிப்பு என்றால் மீதிப் பாதி நாற்காலி என்று தலைமையாசிரியரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார். இப்போது கணினியில் தேடிப் பார்த்தால் பெரிய பெரிய பேராசிரியர்கள் அதையேதான் எழுதுகிறார்கள். சத்தம் இருந்தால் மதிப்பெண் குறையும், குளிர் இருந்தால் குறையும், வெளிச்சம் கண்ணில் அடித்தால் குறையும். நான் அச்சடித்து உங்கள் தங்கையிடம் காட்டினேன். “இதுல புருஷன் தொல்லைன்னு ஏதாச்சும் போட்டிருக்கா பாருங்க” என்றாள்.

இந்த வருடம் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று புது ஏற்பாடு வந்திருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். நான் உடனே சொல்லிவிட்டேன், வீடுதான், வேறு பேச்சே இல்லை என்று. தினேஸ்வரியும் ஒரே தடவையில் “சரிப்பா” என்றாள். அந்தப் பிள்ளை எனக்கு ஒரே தடவையில் சரி சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் முறை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விதிமுறைகள் பதினோரு பக்கம். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து பேச்சுக் குரல் கேட்கக்கூடாது, கேட்டால் தேர்வையே நிறுத்திவிடுவார்கள். சுவரில் எழுத்து உள்ள எதுவும் இருக்கக்கூடாது. அந்த அறை எங்கள் சாமி அறையும் கூட என்பது உங்களுக்குத் தெரியும். முருகன் படத்துக்கு அடியில் மளிகைக் கடைப் பெயர், அம்மன் படத்தில் நகைக் கடை விலாசம், பிள்ளையார் படத்தில் ஒரு டயர் கடையின் தொலைபேசி எண் வேறு. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே எல்லாப் படத்தையும் கழற்றி, வெயில் படாமல் இருக்கட்டும் என்று வாசலில் கார் நிறுத்தும் இடத்துச் சுவரோரம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கி வைத்தேன். கண்ணாடியில் வேறு ஆள் தெரிகிற மாதிரி இருக்கக்கூடாது என்று அறை அலமாரிக் கண்ணாடியையும், எதற்கும் இருக்கட்டும் என்று கூடத்துக் கண்ணாடியையும் வெள்ளைத் துணி போட்டு மூடினேன்.

அடுத்தது சத்தம். எங்கள் சாலையில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் என்னென்ன வரும் என்று ஒரு வாரம் வாசலில் உட்கார்ந்து எழுதி வைத்தேன். ஹார்ன் அடித்துக்கொண்டு ரொட்டிக்காரர். கேஸ் லோரி. ஒலிபெருக்கி வைத்துப் பழைய இரும்பு கேட்டு வரும் சீனர். டுரியான் லோரி. மோட்டார் சைக்கிள் புகைக்குழாயில் ஓட்டை போட்ட பையன்கள் மூன்று பேர். இவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்ல முடியுமா? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் தாமான் குடியிருப்புகளில் எந்த வண்டிக்காரனும், எந்த இனத்தானும், எவ்வளவு அவசரமானாலும் மரியாதையாகத் திரும்பிப் போகிற ஒரே பொருள் சாலையை அடைத்துப் போடும் கூடாரம். கோயிலில் கேட்டு ஒன்று வாங்கிவந்து, நேற்றுக் காலை ஏழரை மணிக்கு வீட்டுக்கு முன்னால் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போட்டேன். கூடவே பிளாஸ்டிக் நாற்காலி இருபது தந்தார்கள்.

எதற்கு என்று ஊருக்குச் சொல்லவில்லை. போன வருடம் பாசாரில் மீன்காரர் வரை எல்லோரிடமும் சொல்லித்தான் பிள்ளைக்குக் கண் பட்டது என்று எனக்கு ஓர் எண்ணம். ஆகவே பக்கத்து வீட்டு லூர்துசாமிக்கும் எதிர்வரிசை மூன்று வீட்டுக்கும் மட்டும் விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு செய்தி போட்டேன்: ‘அன்பர்களே, இன்று காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எங்கள் இல்லத்துக்கு முன்னால் அனைவரும் அமைதி காக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வானொலி வேண்டாம். தாளிப்பு வேண்டாம். இறைவன் துணை. சீனி குடும்பத்தார்.’ தாளிப்பு எதற்கு என்றால், பக்கத்தில் மிளகாய் வறுத்தால் தினேஸ்வரிக்குத் தும்மல் வரும். ‘குடும்பத்தார்’ என்று போட்டது மரியாதைக்காக. இதில் தவறு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளை ஏழு மணிக்கே குளித்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “பன்னண்டு மணி வரைக்கும் தொறக்காதம்மா. அப்பா பாத்துக்கிறேன்” என்றேன். “சரிப்பா” என்றாள், மறுபடியும். நான் கூடாரத்துக்குக் கயிறு கட்டிவிட்டு, எட்டே முக்காலுக்கு வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே திரை போட்டிருந்தது. ஏர்கோனை நானே இருபத்தைந்தில் வைத்திருந்தேன். சரியாக ஒன்பது மணிக்கு உள்ளே டக், டக் என்று சத்தம் ஆரம்பித்தது. விசைப்பலகை. தயக்கமே இல்லை, டக் டக் டக் என்று ஒரே சீராக. ஒரு கேள்விக்குக் கூட நின்று யோசிக்கவில்லை. மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்னால் என்ன நடந்தது என்பதை எனக்குப் பிறகு சொன்னார்கள். லூர்துசாமி கூடாரத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைக்காகச் செபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். எதிர்வரிசை ஆட்கள் ஆறேழு பேர் வந்து பேசாமல் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்காரர் வந்தார், பார்த்தார், ஹார்னை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கேஸ் லோரி வந்த வழியே பின்னோக்கிப் போனது. அதுவரை என் திட்டம் கச்சிதம். ஆனால் நடந்து போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? சாலையை அடைத்துக் கூடாரம். பேச்சில்லாமல் ஆட்கள். வாசலில் சாமிப் படமெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறது. திறந்த வாசற்கதவு வழியாகப் பார்த்தால் கூடத்துக் கண்ணாடி மேல் வெள்ளைத் துணி. தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு வாசம் இல்லை. காலை ஆறு மணிக்கு ‘குடும்பத்தார்’ போட்ட செய்தி வேறு. யார் என்று லூர்துசாமியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் உதட்டில் விரலை வைத்து, கண்ணை மூடி, வீட்டைக் காட்டியிருக்கிறார். கூட்டத்தில் யார் இல்லை என்று பார்த்திருக்கிறார்கள். நான்தான் இல்லை. போன மாதம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறி மருத்துவமனையில் ஒரு நாள் படுத்திருந்ததும் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டார்கள். பத்து மணிக்குள் செய்தி லகாட் ஊரையே தாண்டிவிட்டது. உங்கள் சுரேனுக்குப் பத்தே காலுக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நல்ல வேகம்.

பத்தரைக்குக் கூட்டம் முப்பதைத் தாண்டியது. எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார்கள். நான் சந்தில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். பிள்ளைக்காக இத்தனை பேரா என்று நெஞ்சு நிறைந்துபோனது. யார் இவர்களுக்குச் சொன்னது என்று லேசாக ஒரு சந்தேகம் வந்தது, ஆனால் அமைதியாகத்தானே இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில்தான் லகாட்டிலிருந்து காரில் வந்து இறங்கினாள் இருளாயி அக்கா.

இருளாயி அக்காளை உங்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு லய வரிசை தள்ளி இருந்தவள். தோட்டம் போய் இப்போது செம்பனையும் வீடுகளுமாக ஆகிவிட்டது, அக்காளின் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் அவள் ஒப்பாரி வைக்கவில்லை என்றால் செத்தவருக்கே திருப்தி இருக்காது என்பார்கள். இறங்கினவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கூந்தலை அவிழ்த்தாள். வாசல் கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள்.

“பாரம் நெரப்பித் தந்த கையி பாதியில சாஞ்சாச்சே,
பென்சன் வாங்கித் தந்த ராசா பேசாமப் படுத்தாச்சே...”

மச்சான், அந்தக் குரல் சந்தினைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, குனோங் ராபாட் மலையில் முட்டித் திரும்பி வந்தது. யாருக்கோ அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பாரம், பென்சன் என்றதும் ஒரு மாதிரி இருந்தது. ‘கிராணி வேல பாத்தவரே’ என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடி, நான் இருக்கிறேன் என்று கத்தியிருக்க வேண்டும். எப்படிக் கத்துவது? வெளியே குரல் கேட்டால் தேர்வை நிறுத்திவிடுவார்கள் என்று ஆறாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், இன்னொரு காரணமும் உண்டு. பென்சன் விண்ணப்பப் பாரத்தை நான் நிரப்பிக் கொடுத்ததை அந்த அக்கா இத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிறாளே என்று உருகிப்போய்விட்டேன். இன்னும் இரண்டு அடி கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று இருந்துவிட்டேன். உங்கள் தங்கை என்னைப் பற்றி இப்படி நாலு வரி சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் அறைக்குள் டக் டக் சத்தம் நின்றது. அடுத்த நிமிடம் நல்லம்மாள் வாசலுக்கு ஓடி வருகிறாள். தலைக்குக் குளித்திருக்கிறாள், ஈரக் கூந்தல் விரிந்து கிடக்கிறது. பார்த்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பெண்கள் நாலு பேர் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். “என்னா இது? யாருக்கு என்னா?” என்று அவள் கேட்கக் கேட்க, “மனச தேத்திக்க நல்லம்மா, நல்ல சாவு, தூக்கத்துலயே போயிட்டாருலா” என்று இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். “எந்தத் தூக்கம்? காலையில ஏழு தோசை தின்னாரு!” என்று உங்கள் தங்கை சொன்னது எனக்குச் சந்தில் கேட்டது. எண்ணிக்கையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இனிப் பொறுக்க முடியாது என்று நான் சுவரோரமாகவே நடந்து, வெள்ளை வேட்டி, வெள்ளைப் பனியனுடன், கூட்டத்துக்கு முன்னால் போய், சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்து நின்றேன். ஒரு கணம் அந்தச் சாலையில் நான் கனவு கண்ட அமைதி நிலவியது. காக்கை கூடக் கத்தவில்லை. பிறகு இருளாயி அக்கா, “அடோய்! எந்திரிச்சு வந்துட்டாருடோய்!” என்று போட்ட கூச்சலில், சாலை முனையில் வந்துகொண்டிருந்த உருமி மேளக் குழு பயந்துபோய் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அது தனேஷ் பையனின் குழு. போன வருடம் அவர்களுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அந்த நன்றிக்கு எனக்குக் கடைசி மரியாதையாக இலவசமாக அடிக்க வந்தார்களாம். நான் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். அதை அவர்கள் வேகம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

“நிறுத்துடா தனேஷ்! பிள்ளை பரீட்சை எழுதுதுடா!” என்று கடைசியில் நானே கத்திவிட்டேன். மூன்று மணி நேர அமைதிக்குத் திட்டம் போட்டவன் நான். அந்தக் காலையில் எல்லாவற்றையும் விடப் பெரிய சத்தம் போட்டவனும் நான்தான்.

ஓடிப்போய் ஜன்னலில் காதை வைத்தேன். ஒரு டக் இல்லை. பத்து நிமிடம் நின்றேன், அரை மணி நின்றேன். திரும்பவும் ஆரம்பிக்கவே இல்லை. அந்த வெளிநாட்டுக்காரர் உருமியைக் கேட்டுத் தேர்வை நிறுத்தியிருப்பார், பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்திருப்பாள் என்று எண்ணினேன். நெருங்கிக் கதவைத் தட்டவும் பயம். பன்னிரண்டுக்கு உங்கள் மலர்வளையம் வந்தது. கொண்டுவந்த சீனப் பையன் சீட்டை நீட்டி, “சீனி பூன்யா ரூமா?” என்றான். சீனி வீடுதான் என்றேன். இறந்தவரின் சொந்தக்காரர் யார், கையெழுத்துப் போட வேண்டும் என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். அவன் கையெழுத்தைப் பார்த்தான், ரிப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சீட்டைப் பிடுங்கி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூட்டத்தை அனுப்பி, வந்தவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, இருளாயி அக்காளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, கூடாரத்தைப் பிரித்துக் கோயிலில் சேர்த்துவிட்டு வருவதற்குள் இரண்டு மணி ஆகிவிட்டது. மூன்று மணிக்குத்தான் தினேஸ்வரி அறையிலிருந்து வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எப்படிம்மா என்றேன். “முடிஞ்சிருச்சுப்பா. ரொம்ப டயர்டா இருக்கு” என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மேலே கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ராத்திரி வேலை பார்த்து, பகலில் படித்து, ஒரு வருடம் அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நான் ஒரே காலையில் மண்ணாக்கிவிட்டேன். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். இன்று மத்தியானம் எனக்குப் பிடித்த பாவற்காய்க் கறி வைத்தாள் உங்கள் தங்கை, அதற்கும் ஒரு பிடி சோறுதான். தாயும் மகளும் சமையலறையில் ஏதோ மெதுவாகப் பேசுகிறார்கள். நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள்.

நான் கேட்கும் உதவி இதுதான். தினேஸ்வரி என் பேச்சை விட உங்கள் பேச்சைத்தான் கேட்பாள், சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படி. நீங்கள் அவளைக் கூப்பிட்டு, ஒரு வருடம் பெரிய காலம் இல்லை, மறுபடி எழுதலாம், அப்பன் மேல் கோபம் வைக்காதே என்று சொல்லுங்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றும் சொல்லுங்கள். நானே சொல்லலாம், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

வீட்டில் அக்காளுக்கு என் வணக்கம். சுரேனுக்கு ஆசீர்வாதம், இனிமேல் யார் செத்ததாகச் செய்தி வந்தாலும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் பூவுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முட்டிக்கு நல்லெண்ணெய் தடவி, படியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குலதெய்வம் நம் இரண்டு குடும்பத்தையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள உங்கள் அன்பு மைத்துனன்,
சீனி.

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரிக்கிறாள். என்ன என்று அதட்டினேன். பிறகுதான் சொன்னாள். நேற்று அந்த அறையில் தேர்வே நடக்கவில்லையாம். பிள்ளை ஆரம்பத்திலேயே ஈப்போ டவுனில் ஒரு கடைவீட்டு மூன்றாம் மாடியில் புதிதாகத் திறந்திருக்கும் தேர்வு மையத்துக்குத்தான் பதிந்திருந்தாளாம். நான் முன்வாசலில் கூடாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அழைத்துப்போனது லூர்துசாமியின் மகள் ஜானிஸ். நான் கூடாரத்தைக் கோயிலில் சேர்க்கப் போயிருந்தபோது அதே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து அறையில் படுத்துத் தூங்கிவிட்டாளாம். அறைக்குள் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது உங்கள் தங்கை. நான் கண் கலங்கிக் கேட்ட டக் டக், அவள் பயத்தங்காய் ஒடித்த சத்தமாம்.

தினேஸ்வரி பாஸ். எழுதி முடித்ததும் திரையிலேயே வந்துவிட்டதாம். அந்த மையத்தில் கீழ்மாடியில் சுவர் இடித்துக்கொண்டிருந்தார்களாம், ஏர்கோன் வேறு வேலை செய்யவில்லையாம். நான் நம்பவில்லை. பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்டேன். “வார்டுல எந்நேரமும் பத்து மிஷின் கத்திக்கிட்டுத்தான்பா இருக்கும். சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது” என்றாள். அப்படியானால் கோலாலம்பூரில் என்ன ஆயிற்று, குளிர்தானே என்றேன். அப்போதுதான் சொன்னாள்: “குளிர் இல்லப்பா. அந்த ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. மூணு மணி நேரமும் நீங்க வெளியில நின்னுக்கிட்டே இருந்தீங்க. ஒக்காரக்கூட இல்ல. நிமிந்து பாத்தா ஒங்க மொகந்தான் தெரிஞ்சிச்சு. அப்பறம் எங்கப்பா கேள்விய படிக்கிறது?”

எனக்கு வெட்கமாக இருந்தது, மச்சான். பிள்ளை பாஸ் என்ற சந்தோஷத்தில் அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நேரே லூர்துசாமி வீட்டுக்குப் போய், எல்லாம் தெரிந்துகொண்டே பிள்ளை இல்லாத அறைக்கா செபமாலை உருட்டினாய் என்று சண்டை பிடித்தேன். “பிள்ளைக்கு இல்லலா சீனி, ஒனக்காகத்தான் செபம் பண்ணுனேன்” என்கிறார்.

நேற்றுச் சாயங்காலமே உங்கள் தங்கை உங்களுக்கும் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஆக இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. தபால் தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். மேலே கேட்ட உதவி வேண்டாம். அதற்குப் பதிலாக வேறொன்று. பிள்ளை ஆகஸ்டில் இன்னொரு தேர்வு எழுதப் போகிறாளாம், அதே மையத்தில். தேதியை எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறாள். உங்களிடம் சொல்வாள். கேட்டு எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நான் மாடிக்குப் போகமாட்டேன். கீழே எதிர்ச்சாரியில் மரத்துக்குப் பின்னால் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது, அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இப்போதுதான் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அந்தக் கடை தெரியாது.